கால் மரத்துப்போகிறது, கை எரிகிறது: புற நரம்பு நோய்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நரம்பியல் புறநோயாளிப் பிரிவில் இயன்முறை மருத்துவம் பார்ப்பவன் நான். மருத்துவரின் அறையில் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வருகிறவர்கள், என் மேசைக்கு எதிரே உட்கார்ந்த பிறகுதான் மனத்தில் இருப்பதைக் கேட்கிறார்கள். ஆள் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை. அவற்றைக் கேட்ட விதமாகவே எழுதி, கீழே பதில் சொல்லியிருக்கிறேன். மருந்தின் அளவு எதையும் எழுதவில்லை; வயது, சிறுநீரகம், ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் பார்த்து மருத்துவர் முடிவு செய்ய வேண்டியது அது.

புற நரம்பு என்றால் எது? மூளை நரம்பு வேறு, இது வேறா?

மூளையும் முதுகுத் தண்டுவடமும் சேர்ந்தது மைய நரம்பு மண்டலம். அங்கிருந்து கிளம்பி முகம், கை, கால், குடல், இதயம் என்று உடம்பெங்கும் போகிறவை புற நரம்புகள். தொடுவதையும் சூட்டையும் வலியையும் மேலே கொண்டுபோவது சிலவற்றின் வேலை. தசைக்குக் கட்டளை கொண்டுவருவது சிலவற்றின் வேலை. வியர்வை, இரத்த அழுத்தம், செரிமானம், சிறுநீர் போன்றவற்றை நமக்குத் தெரியாமலே நடத்துபவை தானியங்கி நரம்புகள். எந்த வகை கெடுகிறதோ அதற்கேற்பத் தொல்லையும் மாறும்.

ஒரு நரம்புக்குள் ஆயிரக்கணக்கான இழைகள் இருக்கின்றன. பெரிய இழைகளின் மேல் மயலின் என்ற கொழுப்புறை உண்டு. உறை மட்டும் கெட்டால் செய்தி தாமதப்படும் அல்லது வழியில் தடைபடும். உறை சில வாரங்களிலோ மாதங்களிலோ திரும்ப உருவாகிவிடும். இழையே அறுந்தாலோ பட்டுப்போனாலோ மீள்வது மிக மெதுவாகத்தான். உங்கள் அறிக்கையில் எது கெட்டிருக்கிறது என்று எழுதியிருப்பதை மருத்துவர் அவ்வளவு கவனமாகப் படிப்பது இதனால்தான்.

காலில் நரம்பு சுருண்டு நீலமாகப் புடைத்திருக்கிறது. இதுவும் நரம்பு நோய்தானே?

இல்லை. அது அசுத்த இரத்தம் கொண்டுபோகும் சிரை. அதற்குப் பார்க்க வேண்டியவர் இரத்தநாள அறுவை மருத்துவர். புற நரம்பு தோலுக்கு மேலே நீலமாகத் தெரியாது. கை நடுக்கமும் பெரும்பாலும் புற நரம்பால் வருவதில்லை; தைராய்டு, பார்க்கின்சன், சில மாத்திரைகள், பரம்பரை நடுக்கம் என்று அதற்கு வேறு காரணங்கள் உண்டு. ‘நரம்புத் தளர்ச்சிக்கு நிரந்தரத் தீர்வு’ என்று பஸ் நிலையக் கழிப்பறைச் சுவரில் ஒட்டியிருக்கும் நோட்டீஸ்களுக்கும் இந்தப் பக்கத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

எனக்கு இருப்பது நரம்புக் கோளாறுதான் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நோயாளிகள் சொல்லும் வார்த்தைகளே நல்ல அடையாளம். ‘பஞ்சு மேல் நடப்பது போல இருக்கிறது’, ‘செருப்பு கழன்று விழுந்ததே தெரியவில்லை, பத்தடி போன பிறகுதான் பார்த்தேன்’, ‘எறும்பு ஊர்கிறது’, ‘மிளகாய் அரைத்துப் பூசியது போல எரிகிறது, போர்வை பட்டாலே தாங்கவில்லை’. கண்ணை மூடிக்கொண்டு முகம் கழுவும்போது தள்ளாடுகிறது என்று ஒருவர் சொன்னால், மூட்டும் பாதமும் இருக்கும் இடத்தை மூளைக்குச் சொல்லும் பெரிய இழைகள் கெட்டிருக்கலாம். பார்வையை வைத்துச் சமாளித்துக்கொண்டிருந்தவருக்குக் கண்ணை மூடியதும் பிடிமானம் போய்விடுகிறது.

பலவீனத்திலும் இடம் முக்கியம். சட்டைப் பொத்தான் போட முடியவில்லை, சோறு பிசைய முடியவில்லை, நடக்கும்போது கால் விரல் தரையில் தட்டுகிறது என்றால் நுனிப்பகுதித் தசைகள். தரையில் உட்கார்ந்து எழ முடியவில்லை, தலைக்கு மேல் கையைத் தூக்கிக் கூந்தல் முடிய முடியவில்லை என்றால் இடுப்பும் தோளும். பின்னது பெரும்பாலும் தசை நோயாக இருக்கும்; சில வகை நரம்பு நோய்களிலும் வரும்.

மருத்துவரிடம் போகும் முன் மூன்று விஷயங்களை யோசித்து வைத்துக்கொள்ளுங்கள். எங்கே தொடங்கியது? இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருக்கிறதா? எத்தனை நாளில் எவ்வளவு ஏறியது? விலை உயர்ந்த சோதனைகளைவிட இந்த மூன்று பதில்கள்தான் நோயை வேகமாகக் காட்டிக்கொடுக்கின்றன. கீழே வரும் பதில்களில் திரும்பத் திரும்ப இவற்றுக்கே வருவேன்.

ஏன் எல்லாருக்கும் பாதத்தில்தான் தொடங்குகிறது?

எல்லாருக்கும் அல்ல, ஆனால் சர்க்கரை, மது, வைட்டமின் பி12 குறைவு, சிறுநீரக நோய், சில மருந்துகள் ஆகியவற்றால் வரும் பரவலான நரம்புச் சிதைவு அப்படித்தான் தொடங்குகிறது. இடுப்புப் பகுதியிலிருந்து கால் கட்டைவிரல் வரை போகும் இழை ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம். அதற்கு வேண்டிய புரதங்கள் முதுகுத் தண்டை ஒட்டி இருக்கும் உயிரணுவில் உண்டாகி, அந்த நீளம் முழுவதும் பயணம் செய்து நுனிக்கு வர வேண்டும். ஆற்றில் தண்ணீர் குறைந்தால் முதலில் காய்வது கடைமடை வயல்தானே, அது போல நுனி விரல்கள் முதலில் பாதிக்கப்படுகின்றன.

இரண்டு பாதங்களிலும் ஒன்றுபோல் தொடங்கி, காலுறை போட்ட இடம் வரை ஏறி, முழங்காலை நெருங்கும்போது கைவிரல் நுனிகளிலும் தெரிய ஆரம்பிக்கும். இந்த ஒழுங்கை மீறினால் சந்தேகப்பட வேண்டும். கையில் முதலில் தொடங்கினாலோ, ஒரு காலில் மட்டும் இருந்தாலோ, சில நாட்களிலேயே தொடைக்கு ஏறினாலோ ‘சர்க்கரைதான், வேறென்ன’ என்று விட்டுவிடக் கூடாது.

சர்க்கரை வந்து ஐந்து வருடம்தான் ஆகிறது. அதற்குள் நரம்பு கெடுமா?

ஐந்து வருடம் என்பது கண்டுபிடித்த நாளிலிருந்து கணக்கு. இரண்டாம் வகை நீரிழிவு பல ஆண்டுகள் சத்தமில்லாமல் இருந்துவிட்டுத்தான் சோதனையில் பிடிபடுகிறது. அதனால் கண்டுபிடித்த அன்றே சிலருக்கு நரம்பு பாதிக்கப்பட்டிருக்கும். இரண்டாம் வகைக்காரர்கள் முதல் நாளிலிருந்தே ஆண்டுக்கு ஒரு முறை பாதச் சோதனை செய்துகொள்ள வேண்டும் என்பது இதனால்தான். நோய் நீண்ட காலம் நீடிக்கும்போது ஏறக்குறையப் பாதிப் பேருக்கு ஏதோ ஓர் அளவில் நரம்புச் சிதைவு வருகிறது.

சோதனை எளிது. நைலான் இழை ஒன்றைப் பாதத்தில் பல இடங்களில் அழுத்துவோம். 10 கிராம் அழுத்தத்தில் அது வளையும். கண்ணை மூடிக்கொண்டு, பட்டதும் சொல்ல வேண்டும். பிறகு 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையைத் தட்டிக் கட்டைவிரல் எலும்பில் வைப்போம். அதிர்வு தெரியாமல் ‘ஏதோ குளிர்ச்சியாக வைத்தீர்கள்’ என்று மட்டும் சொல்பவர்கள் உண்டு. கணுக்காலுக்குப் பின்னால் சுத்தியலால் தட்டி, பாதம் தானாகத் துள்ளுகிறதா என்று அனிச்சையும் பார்ப்போம். எல்லாம் ஐந்து நிமிட வேலை. இதைச் செய்யாமல் இரத்தச் சர்க்கரை எண்ணை மட்டும் பார்த்து அனுப்பினால், சாக்ஸைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டுங்கள். கேட்பதில் தவறில்லை.

எரிச்சல் போய்விட்டது, இப்போது காலில் ஒன்றுமே தெரியவில்லை. குணமாகிவிட்டது என்றுதானே அர்த்தம்?

நான் மிகவும் பயப்படும் கேள்வி இது. எரிச்சல் குறையும்போது தொடு உணர்வும் சேர்ந்து குறைந்திருந்தால், அது குணம் அல்ல. இழைகள் முழுதாக ஓய்ந்துவிட்டன. வலி இருக்கிறவர் எப்படியும் மருத்துவரிடம் வந்துவிடுவார். வலி இல்லாதவர் வருவதே இல்லை. ஒருவர் முழங்கால் வலிக்காக வந்தார். செருப்பைக் கழற்றச் சொன்னால் உள்ளே ஒரு புளியங்கொட்டை. அது பதிந்த இடத்தில் தோல் வெள்ளையாக ஊறிப்போய், நடுவில் சிறு சிவப்புக் குழி. காலையிலிருந்து அதன் மேலேயே நடந்திருக்கிறார். ‘கொட்டையா, எங்கே?’ என்று குனிந்து பார்த்தார்.

உணர்வற்ற கால் எப்படி அழிகிறது என்பதை உலகுக்குப் புரியவைத்த வேலையில் பெரும்பங்கு வேலூரில் நடந்தது. கொல்லிமலையில் 1914இல் பிறந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளிகளுக்குக் கைகால் சீரமைப்பு அறுவை செய்தவர். சதை தானாக அழுகி விரல்கள் உதிர்கின்றன என்று அதுவரை நம்பினார்கள். வலி தெரியாததால் படும் காயமும், காயத்தோடு நடப்பதும், அதில் சேரும் கிருமியும்தான் காரணம் என்று அவர் காட்டினார். இரவில் தூங்கும்போது எலி விரலைக் கடித்துவிட்டுப் போகிறது என்று தெரிந்த பிறகு, வீட்டுக்குத் திரும்பும் நோயாளிகளுக்குப் பூனை கொடுத்து அனுப்பினார்கள். அப்போது தொழுநோயாளிகளிடம் கற்றதுதான் இன்று நீரிழிவுக் காரர்களின் காலைக் காப்பாற்றுகிறது. நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும், மெத்தென்ற ரப்பர் அடிப்பகுதி கொண்ட எம்.சி.ஆர். செருப்பும் முதலில் தொழுநோயாளிகளுக்காகப் புழக்கத்துக்கு வந்ததே.

நம் வழக்கங்களிலேயே ஆபத்து இருக்கிறது. சித்திரை வெயிலில் கோயில் பிரகாரத்துக் கல்லில் வெறுங்காலோடு சுற்றியவர்களின் உள்ளங்கால் கொப்புளம் ஒவ்வொரு கோடையிலும் வருகிறது. திருவண்ணாமலை கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். உணர்வு இல்லாத காலோடு அதை வெறுங்காலில் நடப்பதும் தீமிதியும் என்னைக் கேட்டால் வேண்டவே வேண்டாம். சாமி கோபித்துக்கொள்ளாது.

அப்படியானால் வீட்டில் காலை எப்படிப் பார்த்துக்கொள்வது?

உணர்வு செய்த வேலையைக் கண் செய்ய வேண்டும். தினமும் இரவில் உள்ளங்காலையும் விரலிடுக்குகளையும் பாருங்கள். குனிய முடியாதவர்கள் தரையில் கண்ணாடி வைத்துப் பார்க்கலாம், அல்லது பேரப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லலாம். செருப்புக்குள் கைவிட்டுத் தடவிவிட்டுப் போடுங்கள். குதிகாலில் பட்டை உள்ள செருப்பு நல்லது; விரலிடுக்கில் வார் போகும் ரப்பர் செருப்பு புண்ணும் ஆக்கும், கழன்றும் விழும். வெந்நீரில் காலை வைப்பதானால் முழங்கையால் சூடு பாருங்கள். இன்னும் நல்லது, வைக்காமலே இருப்பது. காலாணியைப் பிளேடால் செதுக்காதீர்கள். அமிலம் தடவிய காலாணிப் பிளாஸ்டரும் கூடாது. நகத்தை நேராக வெட்டுங்கள்.

ஒரு பாதம் திடீரென்று வீங்கிச் சிவந்து, சூடாக இருந்து, வலி மட்டும் அவ்வளவாக இல்லை என்றால் உடனே போங்கள். உணர்வற்ற பாதத்தின் சிறு எலும்புகள் உள்ளே நொறுங்கிக்கொண்டிருக்கலாம். அதை வெறும் ‘சுளுக்கு’ என்று நினைத்து நீவிவிட்டு நடந்தால் பாதத்தின் வளைவே கலைந்துவிடும். அந்தக் காலை ஊன்றவே கூடாது.

எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது, சாப்பிட்டால் வயிறு மந்தமாகவே இருக்கிறது. இதுவும் நரம்பா?

இருக்கலாம். முதல் பதிலில் சொன்ன தானியங்கி நரம்புகள் கெட்டால் நிற்கும்போது இரத்த அழுத்தம் விழும், இரைப்பை மெதுவாகக் காலியாகும், பாதத்தில் வியர்வை நின்று தோல் வெடிக்கும், ஆண்களுக்கு விறைப்புக் குறையும். படுத்திருக்கும்போது ஒரு முறையும் நின்று மூன்று நிமிடத்துக்குள் ஒரு முறையும் இரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள். நீரிழிவுக் காரர்களில் சிலருக்கு மாரடைப்பு நெஞ்சு வலி இல்லாமலே வருவதும், சர்க்கரை தாழும்போது படபடப்பு வராமல் நேரே மயங்குவதும் இதனால்தான்.

ராத்திரி கை மரத்துப்போய் விழித்துக்கொள்கிறேன். பக்கவாதத்துக்கு அறிகுறியா?

கையை உதறினால் சரியாகிறதா? ஆம் என்றால் மணிக்கட்டில் நடு நரம்பு நெரிபடுவதாக இருக்க வாய்ப்பு அதிகம். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி வரை மரக்கும், சுண்டுவிரல் தப்பிவிடும். எனக்கு ஐந்து விரலும் மரக்கிறது என்பவர்களிடம், அடுத்த முறை விழித்ததும் ஒவ்வொரு விரலாகத் தொட்டுப் பார்த்துவிட்டு வாருங்கள் என்பேன். பாதிப் பேர் மறுமுறை வந்து சுண்டுவிரல் இல்லை என்கிறார்கள். பெண்களுக்கு அதிகம், கருவுற்ற காலத்திலும், தைராய்டு குறைவிலும், நீரிழிவிலும், துணி பிழிதல், பூக்கட்டுதல், தையல் போன்ற வேலைகளிலும் கூடும்.

தொடக்கத்தில் இரவில் மட்டும் மணிக்கட்டை நேராக வைக்கும் பட்டை போதும். தீராவிட்டால் ஊசி, அதற்கும் கேட்காவிட்டால் சிறிய அறுவை. கட்டைவிரலின் அடிமேடு குழிந்துபோக ஆரம்பித்துவிட்டால் தள்ளிப்போடாதீர்கள். பக்கவாதம் திடீரென்று வரும், ஒரு பக்கக் கை, முகம், பேச்சு என்று சேர்த்துப் பிடிக்கும், உதறினால் போகாது.

சுண்டுவிரல் மட்டும் மரக்கிறது. சம்மணம் போட்டு உட்கார்ந்து எழுந்தால் பாதம் தொங்குகிறது. இவையெல்லாம்?

தனி நரம்பு ஒன்று ஓரிடத்தில் அழுத்தப்படுவது. சுண்டுவிரலுக்குப் போகும் நரம்பு முழங்கையின் உள்பக்கம் தோலுக்கு அடியிலேயே ஓடுகிறது. மேசையில் முழங்கை ஊன்றுவதும், மடக்கியபடி மணிக்கணக்கில் கைபேசி பேசுவதும் அதை வதைக்கும். பாதத்தைத் தூக்கும் நரம்பு முழங்காலுக்கு வெளிப்புறம், சற்றுக் கீழே எலும்பைச் சுற்றி வருகிறது. நெடுநேரம் குந்தி உட்கார்ந்து களை எடுப்பவர்களுக்கும், வேகமாக உடல் இளைத்தவர்களுக்கும் அங்கே அழுந்திப் பாதம் தொங்கும். நாற்காலியின் முதுகுச் சாய்வு மேல் மேற்கை அழுந்தக் கையைத் தொங்கவிட்டபடி போதையில் தூங்கி, காலையில் மணிக்கட்டைத் தூக்க முடியாமல் எழுபவர்களும் உண்டு.

அழுத்தம் நீங்கினால் இவற்றில் பெரும்பாலானவை வாரங்களில், மாதங்களில் மீளும். ஒன்று போனதும் இன்னொன்று, பிறகு வேறோர் இடம் என்று தனித்தனி நரம்புகள் அடுத்தடுத்துப் பாதிக்கப்பட்டால் கதை வேறு: இரத்தக் குழாய் அழற்சியா, தொழுநோயா என்று பார்க்க வேண்டும்.

காலையில் எழுந்தால் முகம் ஒரு பக்கம் கோணியிருக்கிறது. காற்று அடித்துவிட்டதா?

இரவு பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்ததால் வந்தது என்று எல்லாரும் சொல்கிறார்கள். காற்றுக்கும் இதற்கும் தொடர்பில்லை. முகவாதத்தில் முக நரம்பு காதுக்குப் பின்னால் உள்ள எலும்புக் குழாய்க்குள் வீங்கி நெரிபடுகிறது. நெற்றியைச் சுருக்கச் சொல்லிப் பாருங்கள். பாதிக்கப்பட்ட பக்கம் நெற்றியும் சுருங்காமல், கண்ணும் மூடாமல் இருந்தால் முக நரம்பு. நெற்றி சுருங்கி, வாய் மட்டும் கோணினால் மூளையில் வந்த பக்கவாதமாக இருக்கலாம். இந்தச் சோதனையை நம்பி வீட்டிலேயே முடிவெடுக்காதீர்கள். எப்படியானாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மூன்று நாளுக்குள் ஸ்டீராய்டு தொடங்கினால் முழுதாக மீளும் வாய்ப்பு கூடுகிறது. மூடாத கண் உலர்ந்து புண்ணாகாமல் பகலில் சொட்டு மருந்தும் இரவில் களிம்பும் கட்டும் அவசியம். பலர் மறப்பது இதைத்தான்.

தோலில் ஒரு தேமல். அரிப்பும் இல்லை, வலியும் இல்லை. அதற்கு ஏன் நரம்பைத் தொட்டுப் பார்க்கிறார்கள்?

அரிப்போ வலியோ இல்லாமல் வெளுத்தோ சிவந்தோ இருக்கும் திட்டில் தொடு உணர்வும் குறைந்திருந்தால் தொழுநோய் என்று நினைக்க வேண்டும். 1873இல் ஹான்சன் கண்டறிந்த அந்தக் கிருமி, புற நரம்புக்குள்ளேயே குடியேறுகிறது. உடம்பில் குளிர்ந்த இடங்களை விரும்பும். அதனால் முழங்கை, முழங்கால் வெளிப்புறம், கழுத்தின் பக்கவாட்டு நரம்புகள் தடித்துக் கயிறு போலக் கைக்குத் தட்டுப்படும். மருத்துவர் முழங்கையைத் தடவிப் பார்ப்பது இதற்குத்தான்.

2005 டிசம்பரில் இந்தியா தேசிய அளவில் ஒழிப்பு இலக்கை எட்டியது. பத்தாயிரம் பேரில் ஒருவருக்கும் குறைவு என்பதுதான் அந்த இலக்கு; நோயே இல்லை என்பது அல்ல. இன்றும் புதிய நோயாளிகள் வருகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கூட்டு மருந்து இலவசம். வகையைப் பொறுத்து ஆறு மாதம் அல்லது பன்னிரண்டு மாதம். சிகிச்சை தொடங்கியதும் தொற்றும் தன்மை வேகமாகப் போய்விடும். சிகிச்சையின்போதோ முடிந்த பிறகோ நரம்பு திடீரென வலித்துப் பலவீனம் வந்தால் அதே வாரம் வர வேண்டும். அது உடம்பின் எதிர்வினை. ஸ்டீராய்டு தாமதமானால் கை மடங்கிவிடும். வெட்கப்பட்டு மறைப்பவர்களைக் குறை சொல்ல மாட்டேன். இந்த நோயை விவாகரத்துக்கான காரணங்களில் ஒன்றாக நம் சட்டமே 2019 வரை வைத்திருந்தது.

நரம்புக்கு பி12 ஊசி போட்டால் போதும் என்கிறார் மருந்துக் கடைக்காரர். உண்மையா?

பி12 குறைந்ததால் வந்த நோய்க்கு அது அருமருந்து, மற்றவற்றுக்கு அல்ல. முட்டையும் பாலும்கூடத் தொடாதவர்கள், பல ஆண்டுகளாக மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை அல்லது அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள், இரைப்பை அறுவை செய்தவர்கள் ஆகியோருக்குக் குறையும். இது தண்டுவடத்தையும் சேர்த்துத் தாக்கும் என்பதால் தாமதம் ஆபத்து. ஊசி போடும் முன் இரத்தம் எடுத்து அளவு பாருங்கள். போட்ட பிறகு பார்த்தால் எண் ஏறியிருக்கும், உண்மை மறைந்துவிடும். ஃபோலிக் அமிலம் மட்டும் சாப்பிட்டால் இரத்தசோகை சரியாகி, நரம்புச் சேதம் உள்ளே தொடரலாம்.

இன்னொன்று, சத்து மாத்திரைதானே என்று நினைக்காதீர்கள். பி6 அதிக அளவில் மாதக்கணக்காக உடம்பில் சேர்ந்தால் அதுவே உணர்வு நரம்புகளைக் கெடுக்கும். எரிச்சலுக்காகச் சாப்பிட்ட மாத்திரையே எரிச்சலுக்குக் காரணமாவது உண்டு.

எம்.ஆர்.ஐ.யில் டிஸ்க் பிதுங்கியிருக்கிறதாம். அறுவை செய்தால் கால் எரிச்சல் போகுமா?

ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தால், முதுகுவலியே இல்லாத பலருக்கும் ஏதாவது ஒரு டிஸ்க் பிதுங்கித்தான் இருக்கும். நரம்பு வேர் நெரிபட்டால் வலி முதுகிலோ புட்டத்திலோ தொடங்கி, பெரும்பாலும் ஒரு காலில், ஒரு கோடாகக் கீழே இறங்கும். இருமினால், முக்கினால் சுரீர் என்னும். இரண்டு பாதமும் ஒன்றுபோல் எரிவது கடைமடைக் கதை. இரண்டும் ஒருவருக்கே இருக்கவும் கூடும். எனவே அறுவைக்கு நாள் குறிக்கும் முன், நரம்பில் செய்தி போகும் வேகத்தை அளக்கும் நரம்புக் கடத்தல் சோதனை செய்துவிடுங்கள். ஆனால் தொடையிடுக்கும் ஆசனவாய்ச் சுற்றும் மரத்து, சிறுநீர் அடைத்தாலோ தானாகப் போனாலோ அது அவசரம். அன்றே தண்டுவட அறுவை மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

வேறு எப்போது ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது?

பலவீனம் நாளுக்கு நாள் ஏறும்போது. முந்தாநாள் பாதம் கூசியது, நேற்று மாடிப்படி ஏற முடியவில்லை, இன்று கட்டிலில் இருந்து எழ முடியவில்லை என்றால் கில்லன்-பாரே நோயாக இருக்கலாம். 1916இல் முதல் உலகப் போரின்போது இரண்டு பிரெஞ்சுப் படைவீரர்களிடம் விவரிக்கப்பட்டது இது. வயிற்றுப்போக்கோ சளிக்காய்ச்சலோ வந்து சில நாட்கள் முதல் சில வாரங்கள் கழித்து, கிருமியை எதிர்க்க எழுந்த எதிர்ப்பாற்றல் நரம்பைத் தாக்குகிறது. 2025 ஜனவரி, பிப்ரவரியில் புணேயில் இருநூறுக்கும் மேற்பட்டோருக்கு இந்த நோய் இருப்பதாகச் சந்தேகிக்கப்பட்டபோது, அசுத்தமான தண்ணீர் மேல்தான் பார்வை போனது.

பயம் மூச்சைப் பற்றியது. ஏறக்குறைய நான்கில் ஒருவருக்குச் செயற்கைச் சுவாசம் தேவைப்படுகிறது. ஒரே மூச்சில் 20 வரை எண்ணச் சொல்லிப் பார்ப்போம். எண்ண முடியாவிட்டால் தீவிரச் சிகிச்சைப் பிரிவு. முதல் வாரத்தில் நரம்புச் சோதனையும் முதுகுத் தண்டு நீரும் இயல்பாகவே இருக்கலாம் என்பதால், அறிக்கையை நம்பி வீட்டுக்கு அழைத்துப் போகாதீர்கள். இம்யூனோகுளோபுலின் மருந்தும் பிளாஸ்மா மாற்றுதலும் பலன் தருபவை. ஸ்டீராய்டு இதில் உதவாது. பெரும்பாலோர் ஆறு மாதத்துக்குள் தாமாக நடக்கிறார்கள். இதே போன்ற பலவீனம் இரண்டு மாதத்துக்கு மேல் ஏறிக்கொண்டே போனால் அது இதன் நாள்பட்ட உறவு. அதற்கு ஸ்டீராய்டு வேலை செய்யும்.

அக்கிக்குக் காவி எழுதிவிட்டோம். புண் ஆறிய பிறகும் வலிக்கிறதே?

சின்னம்மை வைரஸ் நரம்பு வேரில் பல ஆண்டுகள் பதுங்கியிருந்து, ஒரு நரம்பின் பாதையில் மட்டும் கொப்புளமாக வெளிவருவது அக்கி. குயவரிடம் காவி எழுதிக்கொள்வதைத் தடுக்க மாட்டேன், தோலுக்குக் குளுமை. ஆனால் மூன்று நாளுக்குள் வைரஸ் மருந்து தொடங்குவது அவசியம். நெற்றியிலோ மூக்கு நுனியிலோ வந்தால் கண் மருத்துவரையும் அன்றே பார்க்க வேண்டும். வயதானவர்களுக்குப் புண் ஆறிய பிறகும் மாதக்கணக்கில் நீடிக்கும் எரிவலி, பாதிக்கப்பட்ட நரம்பின் வலி. அதற்குச் சாதாரண வலி மாத்திரை கேட்காது. இரண்டு கேள்விகள் தள்ளிச் சொல்லும் மருந்துகள்தான்.

வேறு நோய்க்குச் சாப்பிடும் மருந்தால் நரம்பு கெடுமா?

கெடும். காசநோய்க்கான ஐசோனியசிட் பி6ஐக் குறைத்துவிடும். அதனால்தான் சிறிய அளவு பி6 சேர்த்துத் தருகிறார்கள். மருந்து எதிர்ப்புக் காசநோய்க்கான லினசோலிட், புற்றுநோய்க்கான வின்கிறிஸ்டின், பேக்ளிடாக்சல், ஆக்சாலிபிளாட்டின் ஆகியவையும் இந்த வரிசையில் உண்டு. ஆக்சாலிபிளாட்டின் ஏற்றியவர்கள் குளிர்ந்த தண்ணீரைத் தொட்டாலே விரல் சுரீரென்று கூசும். கூச்சம் தொடங்கியதும் மருத்துவரிடம் சொல்லுங்கள்; நீங்களாக நிறுத்தாதீர்கள்.

பூச்சிமருந்து குடித்து உயிர் பிழைத்தவர்களுக்கு, எல்லாம் சரியாகி வீடு திரும்பி இரண்டு மூன்று வாரம் கழித்துக் கால் பலவீனமாவது உண்டு. யார் என்ன சேர்த்தார் என்று தெரியாத பற்பம், செந்தூரங்களில் ஈயமும் ஆர்சனிக்கும் இருந்து நரம்பு கெட்டவர்களும் உண்டு. வைத்தியம் எந்த முறையானாலும், பொட்டலத்தை மருத்துவரிடம் காட்டத் தயங்காதீர்கள்.

அப்பாவுக்கும் இப்படிக் கால் மெலிந்து பாதம் வளைந்திருந்தது. பரம்பரையா?

உயர்ந்த பாத வளைவு, சுத்தியல் போல மடங்கிய விரல்கள், முழங்காலுக்குக் கீழே மெலிவு, சிறு வயதிலிருந்தே அடிக்கடி கணுக்கால் பிசகுதல் ஆகியவை சேர்ந்தால் சார்கோ-மேரி-டூத் என்ற பரம்பரை நோயை நினைப்போம். 1886இல் விவரிக்கப்பட்டது, ஏறக்குறைய 2,500 பேரில் ஒருவருக்கு உண்டு. பெற்றோருக்கு ஒன்றும் இல்லாமல் பிள்ளைகளுக்கு மட்டும் வரும் வகைகளும் இருக்கின்றன. மாமன் மகள், அக்காள் மகள் திருமணங்களில் அவற்றுக்கு வாய்ப்பு கூடுகிறது. நோயை நிறுத்தும் மருந்து இல்லை. கணுக்கால் தாங்கியும் பயிற்சியும் தேவைப்பட்டால் பாத அறுவையும் நடையைப் பல ஆண்டுகள் காக்கும்.

பிரீகாபலின் சாப்பிட்டால் நரம்பு வளருமா? எத்தனை நாளில் சரியாகும்?

வளராது. பிரீகாபலின், காபாபென்டின், டுலாக்செட்டின், அமிட்ரிப்டிலின் எல்லாம் எரிச்சலையும் மின்னல் போன்ற வலியையும் தணிப்பவை. நரம்பைக் காப்பாற்றுவது காரணத்தைச் சரிசெய்வது: சர்க்கரை, பி12, தைராய்டு, மதுவை விடுதல். மாத்திரையால் தூக்கக் கலக்கமும் தள்ளாட்டமும் வரும். முதியவர்களுக்கு அமிட்ரிப்டிலினால் சிறுநீர் அடைக்கலாம். திடீரென்று நிறுத்தவும் கூடாது.

அறுந்த இழை ஒரு நாளில் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் வளரும். முழங்கையில் கெட்ட நரம்பு விரலுக்கு வந்துசேர ஓர் ஆண்டு ஆகிறது என்றால் கணக்குச் சரிதான். அதுவரை மூட்டு இறுகாமல் வைத்திருப்பது என் போன்றவர்களின் வேலை. நீவிவிட்டால் வேகமாக வளராது.

நரம்புச் சோதனை நார்மல் என்று வந்துவிட்டது. எரிகிறதே, நான் என்ன பொய்யா சொல்கிறேன்?

இல்லை. நரம்புக் கடத்தல் சோதனை உறை போட்ட பெரிய இழைகளைத்தான் அளக்கிறது. கையில் வினாடிக்கு 50 மீட்டர், காலில் 40 மீட்டர் வேகத்துக்கு மேல் செய்தி போனால் இயல்பு. சூட்டையும் வலியையும் சுமக்கும் நுண்ணிழைகள் அதில் தெரியவே தெரியாது. அவை மட்டும் கெட்டால் அனிச்சையும் வலுவும் சோதனையும் சரியாக இருக்கும், பாதம் மட்டும் நெருப்பாக எரியும். தோலில் சிறு துண்டு எடுத்து இழைகளை எண்ணும் சோதனை உண்டு. எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை. இந்த நிலையில் இருப்பவர்களை ‘மனப்பிரமை’ என்று அனுப்பிவிடுவது நடக்கிறது. முன்நீரிழிவு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், குளுக்கோஸ் குடித்து எடுக்கும் சோதனையோடு.

எல்லாச் சோதனையும் எடுத்தாகிவிட்டது. காரணம் தெரியவில்லை என்கிறார்கள். இனி என்ன?

கணிசமானவர்களுக்கு இதுதான் பதில், குறிப்பாக அறுபதைத் தாண்டியவர்களுக்கு. அவர்களில் பெரும்பாலோருக்கு நோய் மிக மெதுவாகவே நகர்கிறது. நடையை முழுதாக இழப்பவர்கள் குறைவு. ஆனாலும் கோப்பை மூடிவிடக் கூடாது. இரத்தத்தில் அசாதாரணப் புரதம் இருக்கிறதா என்ற சோதனை செய்தார்களா என்று கேளுங்கள். நரம்பு நோயாளிகளிடம் விட்டுப்போகும் சோதனைகளில் அது ஒன்று. சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும், வாங்கிச் சாப்பிடும் சத்து மாத்திரை உட்பட, ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள்.

ஆறு மாதத்துக்கு ஒரு முறை, மரத்துப்போகும் எல்லை எங்கே இருக்கிறது என்று காலில் பேனாவால் கோடு போட்டுப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கோடு அதே இடத்தில் இருந்தால் ஆண்டுக்கு ஒரு முறை பார்த்தால் போதும். நான்கு விரல் அகலம் ஏறியிருந்தாலோ, கையில் பலவீனம் தொடங்கினாலோ, அந்தப் படங்களோடு மருத்துவரிடம் போய் முதலிலிருந்து பார்க்கச் சொல்லுங்கள்.